சைனஸ் சவ்வு கிழிந்தால்: ஒட்டா, தையலா, நிறுத்தமா?

மேல் கடைவாயில் எலும்பு போதவில்லை என்றால், பக்கவாட்டு எலும்பில் ஒரு சிறு ஜன்னல் வெட்டி, மேலே உள்ள காற்றறையான சைனஸின் சவ்வைத் தூக்கி அடியில் எலும்புத் துகள் நிரப்பி இம்ப்ளாண்ட் (செயற்கைப் பல்வேர்) வைக்கிறோம். அந்தச் சவ்வு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது, முட்டை ஓட்டின் உள்தோல் மாதிரி. இந்தச் சிகிச்சையில் அதிகம் நேரும் சிக்கலே அது கிழிவதுதான்.

கிழிந்தது தெரிந்ததும் அந்த ஓட்டையையே நோண்டாதீர்கள். தள்ளிப்போய், சுற்றியுள்ள சவ்வை எலும்பிலிருந்து மெல்ல விடுவியுங்கள். இறுக்கம் தளர்ந்தால் சின்னக் கிழிசல் தானே மடிந்து மூடிக்கொள்ளும்.

மூடாவிட்டால், 5 மி.மீ.க்குள் இருக்கும் கிழிசலுக்கு இரண்டு வழிகள்: கொலாஜன் மெம்பிரேன் (கொலாஜன் புரதத்தாலான மெல்லிய தாள்), அல்லது நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பி.ஆர்.எஃப். (தட்டணுக்கள் நிறைந்த ஃபைப்ரின் படலம்). பின்னதற்குச் செலவு குறைவு, ஈரச் சவ்வில் நன்றாகப் படியும். ஆனால் ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும், துகளின் பாரத்தையும் தாங்காது. அதனால் பி.ஆர்.எஃப்.பை மட்டும் நம்பி நான் துகள் நிரப்ப மாட்டேன். கொலாஜனுக்குத் துணையாக வைப்பேன். கொலாஜன் துண்டு கிழிசலின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் படிய வேண்டும். அளவாக வெட்டினால் நனைந்ததும் நழுவிவிடும்.

தையல் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குறுகிய ஜன்னலுக்குள் ஊசி குத்தும் ஒவ்வொரு இடமும் புது ஓட்டை. கிழிசல் ஜன்னலின் மேல் ஓரத்தில் இருந்தால் மட்டும், எலும்பில் சிறு துளையிட்டு அதோடு சவ்வைக் கட்டலாம்.

10 மி.மீ. தாண்டினால் லோமா லிண்டா பை முறை உண்டு. பெரிய கொலாஜனைக் குழி முழுக்க விரித்து, ஓரங்களை ஜன்னலுக்கு வெளியே மடித்து, உள்ளே துகளை அடைப்பது. சைனஸுக்குள் துகள் சிதறாது. ஆனால் சுற்றுச் சுவரிலிருந்து துகளுக்கு ரத்தம் வருவதையும் அதே பை தடுக்கிறது. கை பழகியவர்களுக்கே சரி.

மற்றவர்களுக்கு நிறுத்தமே நல்லது. துகள் வைக்காமல் ஈறைத் தைத்து மூடிவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப வரலாம். அப்போது தழும்பில் சவ்வு ஒட்டியிருக்கும், தூக்குவது கடினம்தான். ஆனாலும் துகள் சிதறி சைனஸிலிருந்து சளி வடியும் வாய் அடைத்து, சீழ் பிடித்து வரும் நோயாளியைப் பார்த்தவர்கள் இந்தத் தாமதத்தையே தேர்ந்தெடுப்பார்கள்.

எந்த வழியானாலும் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லுங்கள்: மூக்கைச் சிந்தக்கூடாது, ஸ்ட்ரா வேண்டாம், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும்.