சுங்கை சிப்புட்டிலிருந்து பாய் நகரம் வரை: ஜிபிஎஸ் கருவியோடு ஆறு ஆண்டுகள்

என் மோட்டார் சைக்கிளில் பொருத்தியிருக்கும் ஜிபிஎஸ் கருவியின் இயல்பை நான் முதலில் தெரிந்துகொண்டது நெடும்பயணத்தில் அன்று. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள செம்பனைத் தோட்டத்தில்தான். கருவியை வாங்கிய இரண்டாவது மாதம், லெங்கோங் சென்று திரும்பிய ஒரு மாலையில், மிகக் குறுகிய வழியைக் காட்டும்படி அதை அமைத்திருந்தேன். அது நெடுஞ்சாலையை விட்டு விலகச் சொன்னது. நானும் செம்மண் சடக்கில் நான்கு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டேன். அங்கே கால்வாயின் மேல் கிடந்த மரப்பாலத்தில் நடுப்பலகைகள் மூன்று இல்லை. கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளில் வந்த தோட்டத்து ஜாகா (காவலாளி), விளக்கை என் கருவியின் மேல் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பாலம் போன மழைக்கே போயிருச்சு தம்பி, குலை ஏத்துற லாரிகூட இப்ப சுத்தித்தான் போகுது. இங்க வழி இருக்குன்னு இதுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய பிறகே நான் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கினேன். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணித்துவிடும். அதில் அது என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் வழி என்பது செயற்கைக்கோளிலிருந்து வருவதன்று, கருவிக்குள் ஏற்றியிருக்கும் வரைபடத்திலிருந்து வருவது. வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் அது சாலை. அந்தக் கோட்டின் நடுவே தோட்டத்தின் இரும்புக்கதவு பூட்டியிருப்பதோ பாலம் உடைந்திருப்பதோ யாராவது குறித்து வைத்தாலன்றி அதற்குத் தெரியாது. ஆகவே குறுகிய வழி என்னும் தேர்வை அன்றே மாற்றிவிட்டேன். தார் போடாத சாலைகளைத் தவிர்க்கும் அமைப்பையும் இயக்கிவிட்டேன்.

நெடும்பயணங்களுக்கு அதுவும் போதாது. வழித்திட்டம் வேறு, தடம் வேறு என்பதைப் புதிதாக வாங்குவோர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். கணினியில் சில புள்ளிகளை மட்டும் வைத்து வழித்திட்டம் தயாரித்து ஏற்றினால், கருவி தன்னிடமுள்ள வரைபடத்தைக் கொண்டு அந்தப் புள்ளிகளுக்கிடையே மீண்டும் கணக்கிட்டு, நாம் விரும்பித் தேர்ந்தெடுத்த மலைச்சாலையை விட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கு இழுத்துச் சென்றுவிடக்கூடும். தடமோ ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்த ஒரு கோடு; அதைக் கருவி மாற்றுவதில்லை, திரையில் வரைந்து காட்டுவதோடு சரி. நான் இரண்டையும் ஏற்றி, தடத்தை ஊதா நிறத்தில் வைத்துக்கொள்கிறேன். வழித்திட்டம் தடத்தை விட்டுப் பிரிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி யோசிப்பேன். பெரும்பாலும் தடத்தின் பக்கமே போவேன்.

திறன்பேசி இருக்கும்போது இதற்குத் தனியாக ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வியே. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால், தொலைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்திலும் திறன்பேசி வழிகாட்டும். 1982இல் திறக்கப்பட்ட கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், தெமெங்கோர் ஏரிப் பாலங்களைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்த பின் சமிக்ஞை போவதும் வருவதுமாக இருக்கும். அங்கே நான் இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்த்ததில், இருப்பிடத்தைக் காட்டுவதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வேறுபாடு வெயிலிலும் மழையிலும் அதிர்விலும்தான் இருக்கிறது. நண்பகல் வெயிலில் என் திறன்பேசி சூடேறித் திரையை மங்கலாக்கிக்கொண்டது. மழைத்துளிகளை விரலென்று எண்ணி வரைபடத்தைத் தானாக நகர்த்தியது. சக்திமிக்க மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. ஜிபிஎஸ் கருவியையோ கையுறையோடு தொடலாம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபிஎக்ஸ்7 தரம் அதற்கு உண்டு.

ஆனால் அந்தத் தரம் கருவிக்குத்தானே தவிர, அதை வண்டியில் பொருத்தி மின்சாரம் கொடுக்கும் தொட்டிலுக்கு இல்லை. மூன்றாவது மழைக்காலத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், தொட்டிலில் உள்ள சிறு பித்தளை ஊசிகளின் நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஓர் ஊசி அழுத்தினால் மேலே எழும்பாமல் உள்ளேயே சிக்கிக் கிடந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்து, மின்தொடர்பு துப்புரவு திரவம் தெளித்த பிறகு அது துள்ளி எழுந்தது. இப்போது மழையில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் இரவில் அதைத் துடைத்துவிட்டே படுக்கிறேன். மின்கம்பியை நேராக பேட்டரியில் கொடுத்ததும் என் தவறு. ஓரிரவு கருவியைக் கழற்ற மறந்ததால் காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் செல்லும்படி ரிலே என்னும் மின்விசை வழியாக இணைப்பதே சரி.

தாய்லாந்துப் பயணத்தில் வேறொன்று கற்றேன். அங்கே ஊர்ப்பெயர்களை ரோமன் எழுத்தில் பலவிதமாக எழுதுவதால், பெயரைத் தட்டித் தேடுவதைவிட ஆயத்தொலைவை, அதாவது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, கொடுப்பது நல்லது. அதிலும் கவனம் வேண்டும். பெத்தோங் வழியாக எல்லை கடந்து வடக்கே பாய் நகரத்துக்குப் போனபோது, நண்பர் அனுப்பிய 19.36, 98.44 என்ற பாகை எண்களை நான் 19 பாகை 36 கலை, 98 பாகை 44 கலை என்று பதிந்துவிட்டேன். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், 0.36 பாகை என்பது 22 கலைக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பிழையால் கருவி காட்டிய இடம் பாய் நகரத்துக்கு வடகிழக்கே, மலைக்குள், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது. மீதித் தூரம் கூடியிருப்பதைச் சியாங் மாயில் தேநீர் குடிக்கும்போது பார்த்ததால் தப்பினேன். எண்களின் வடிவத்தை அமைப்புப் பக்கத்தில் சரிபார்க்காமல் இப்போது எதையும் பதிவதில்லை.

ஆறு ஆண்டுகளில் உள்பேட்டரி தளர்ந்துவிட்டது. வண்டியிலிருந்து கழற்றினால் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. திரையின் ஓரத்தில் கீறல்கள் உண்டு. ஆயினும் மாற்றும் எண்ணம் எனக்கில்லை.

அந்த உடைந்த பாலத்துக்கு நான் சென்ற ஆண்டு பகலில் மறுபடியும் போனேன். பலகைகள் முழுவதும் போய், தூண்கள் மட்டும் நின்றன. கருவி பதிந்த தடத்தைக் கொண்டு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பாலத்தை நீக்கி, தோட்டத்து இரும்புக்கதவையும் குறித்தேன். அதிலிருந்து தயாராகும் வரைபடத்தைப் புதுப்பித்துக் கருவியில் ஏற்றி, பழையபடி குறுகிய வழி என்று அமைத்து லெங்கோங்கிலிருந்து வீட்டுக்கு வழி கேட்டேன். அது என்னை நெடுஞ்சாலையிலேயே வரச் சொன்னது.