தோட்டத்துக் கிண்ணத்துக்கு வந்த நடுவர் குழு: ஓய்வில் இருந்த இருவரைப் பார்த்தால் போதும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழாவை ஒட்டியோ தீபாவளிக்கு முன்னாலோ ஒருநாள் காற்பந்துப் போட்டி நடத்துகிறவர்கள் உண்டு. (2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான்.) கிண்ணம், ஜெர்சி, கூடாரம், சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகிவிடும். நடுவர் விஷயம் மட்டும் “யாராவது வருவாங்க” என்று கடைசி வாரம் வரை கிடக்கும். அடிதடி கிளம்புவதும் அங்கேதான்.

கோலசிலாங்கூர் பக்கத்திலிருந்து வந்து, போட்டி முழுவதற்கும் நடுவர் வேலையை எடுத்துச் செய்து தரும் ஒரு குழுவைப் பற்றிய மதிப்பீடு இது. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் போடவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள். பெரிய திடலில் அணிக்கு ஒன்பது பேர் ஆட்டம்; 12 அணி, நான்கு பிரிவு. பிரிவு ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1, ஆகமொத்தம் 15. பாதிக்கு 12 நிமிடம், இடைவேளை 2 நிமிடம், அடுத்த அணிகள் இறங்க 4 நிமிடம் என்று அரை மணிக்கு ஓர் ஆட்டம். பக்கத்துச் சிறு திடலில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எழுவர் ஆட்டம். பெரிய திடலுக்கு ஆறு நடுவர், சிறு திடலுக்கு இருவர். ஆறு பேரில் ஒருவர் விசில், இருவர் கொடி, ஒருவர் மேசையில் நான்காம் நடுவர், மீதி இருவருக்கு ஓய்வு. இப்படிச் சுற்றி வந்தால் ஒருவருக்கு அன்றைக்குப் பத்துப் பணி. அதில் விசில் இரண்டோ மூன்றோ.

திடலுக்குள் வேலை சுத்தமாக இருந்தது. தொடங்குமுன் கோல் வலையின் ஓட்டைகளைக் கட்டச் சொன்னார்கள், பந்தை அழுத்திப் பார்த்தார்கள், 12 அணித் தலைவர்களையும் கூப்பிட்டு இரண்டு விதியை மட்டும் விளக்கினார்கள். முதலாவது, போட்டிக்கென்று நாம் வைத்த ஆள்மாற்று விதி. இரண்டாவது, 2025-இல் வந்த எட்டு நொடி விதி: கோல்காவலர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் (மூலை உதை), கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். பழைய ஆறு நொடி விதியும், நேராகக் கோலடிக்க முடியாத மறைமுக ஃப்ரீ கிக்கும் மனத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் பலருக்கு இது புதுச் செய்தி. முதலிலேயே சொல்லிவிட்டதால், அது நடந்தபோது யாரும் பாய்ந்து வரவில்லை.

இதெல்லாம் நல்ல நடுவர் எவரும் செய்வது. ஒரு குழுவை உண்மையில் எடைபோட வேண்டுமானால், ஓய்வில் இருக்கும் அந்த இருவர் எங்கே உட்காருகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். விசில் ஊதுகிறவருக்குத் திடலில் எதிரி 18 பேர் என்றால், கூடாரத்தடியில் கால்மேல் கால் போட்டு உச்சுக்கொட்டும் சக நடுவர் 19-ஆவது ஆள். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், முகம் சுளித்தாலே போதும். “பாரு, அவங்க ஆளே ஒத்துக்கலை” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடுவார்.

இந்தக் குழு ஓய்வுக்கு வந்தவுடன் நடுவர் ஜெர்சியின் மேல் சாதாரணக் கறுப்பு டி-சட்டை போட்டுக்கொண்டது. விசிலைக் கழற்றிப் பையில் வைத்தார்கள். ஏற்பாட்டாளர் கூடாரத்தில் முன்வரிசை நாற்காலி கொடுத்தும் மறுத்து, அணிகள் உட்காரும் பக்கத்துக்கு நேர் எதிரே, கார்னர் கொடியைத் தாண்டிச் செம்பனை நிழலில் உட்கார்ந்தார்கள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்ட ஏற்பாட்டாளர்கள் இருந்தார்கள். அப்படி எடுக்க வேண்டியதில்லை. அணியின் பயிற்றுநருக்குக் காது கேட்கும் தூரத்தில் உட்காராமல் இருப்பதுதான் அவர்கள் தொழிலுக்குச் செய்யும் மரியாதை.

கைகளையும் கவனித்தால் தெரியும். அனுபவமுள்ளவர்கள் தண்ணீர் போத்தலையோ துண்டையோ இரு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். பத்து வருடம் விசில் ஊதிய கைக்கு, தவறைக் கண்டதும் தன்னாலே எழுகிற பழக்கம் உண்டு. பந்து கோட்டைத் தாண்டியதும் திசை காட்டும், தவறு நடந்தும் ஆட்டத்தை ஓடவிடும் அட்வான்டேஜ் என்று இரு கையையும் முன்னே வீசும். திடலில் உள்ள நடுவர் வலப்பக்கம் காட்டும் நேரத்தில் நிழலில் இருப்பவர் கை இடப்பக்கம் போனால், அதைப் பார்க்காத ரசிகர் இருக்க மாட்டார். கையை அடக்க எளிய வழி, அதற்கு ஏதாவது பிடிக்கக் கொடுப்பது.

அடுத்தது, கேள்வி கேட்டு வருகிறவர்கள். மைலோ ஐஸை உறிஞ்சிக்கொண்டே ஒருவர் வந்து, “அண்ணே, அது ஆஃப்சைடுதானே?” என்பார்; பந்து தரப்படும் நொடியில் தாக்குபவர், கோல்காவலரை விட்டால் கடைசியாக நிற்கும் தற்காப்பாளரைத் தாண்டி நின்றாரா என்பதுதான் கேள்வி. குழுவில் மூத்தவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “நான் கோட்டுக்கு நேரா இல்லைங்க. கொடி வச்சிருக்கிறவர்தான் நேரா இருக்காரு.” நழுவுகிற பதில் என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தற்காப்பாளரும் தாக்குபவரும் ஒரே கோட்டில், சரிசமமாக நிற்கிறார்கள். ஒருவர் பக்கக்கோட்டிலிருந்து 10 மீட்டர் உள்ளே, மற்றவர் 20 மீட்டர் உள்ளே. பார்ப்பவர் பக்கக்கோட்டில், அவர்களுக்கு நேராக இல்லாமல் 3 மீட்டர் தள்ளி நிற்கிறார். அவர் கண்ணுக்குத் தூரத்து ஆள் முழுதாக 3 மீட்டர் விலகி நிற்பதுபோல் தெரியும். பார்ப்பவர் 20 மீட்டர் தள்ளியிருந்தால் விலகலும் 20 மீட்டர். கார்னர் பக்கத்து நிழலில் இருந்து ஆஃப்சைடு சொல்கிறவர் ஊகத்தைத்தான் சொல்கிறார். அதை அறிந்தவர் நடுவர். அதனால்தான் வாயை மூடுகிறார். பந்து கையில் பட்டதா, காலில் பட்டதா என்பதும் இதே கதைதான். முதுகுப் பக்கமிருந்து பார்ப்பவருக்குக் கை தெரியாது, கை அசைந்ததன் நிழல்தான் தெரியும்.

இந்த ஒழுங்கில் ஒரு சறுக்கல் இருந்தது, சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் சுற்றில் ஓய்விலிருந்த இளைய நடுவர் ஒருவர், கோல்காவலர் பந்தைப் பிடித்ததும், “அஞ்சு, நாலு, மூணு” என்று சத்தமாக எண்ணினார். கெட்ட எண்ணம் இல்லை, புது விதியின் ஆர்வம். ஆனால் கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டமும் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. திடலில் இருந்த நடுவரின் எண்ணிக்கை கூட்டத்தின் எண்ணிக்கையைவிட மெதுவாகப் போனது. எட்டு நொடி எப்போது தொடங்குகிறது என்பதை முடிவு செய்வது திடல் நடுவர்தான்: கோல்காவலர் பந்தைத் தன் கட்டுக்குள் கொண்டுவந்த நேரம். எதிராளி இடிக்க வந்தால் அந்த நேரம் தள்ளிப்போகும். வெளியிலிருந்து எண்ணியவர் பந்து கையில் பட்டதிலிருந்து எண்ணிவிட்டார். கூட்டம் “கார்னர், கார்னர்” என்று கத்த, நடுவர் கொடுக்கவில்லை. அடுத்த ஐந்து நிமிடம் அவருக்கு வசவுதான். மூத்தவர் அந்த இளைஞரின் தோளைத் தொட்டு, “தம்பி, வா, பிள்ளைங்க ஆட்டத்தைப் போய்ப் பார்ப்போம்” என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே எதுவும் விவாதிக்கவில்லை. அழகான திருத்தம்.

சக நடுவருக்கு மரியாதை என்றால் எப்போதும் வாயை மூடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேசையில் இருக்கும் நான்காம் நடுவர் பேசியே ஆக வேண்டியவர். 1991-இலிருந்து விதிப்புத்தகத்தில் இருக்கும் பதவி அது. 2010 தென்னாப்பிரிக்க உலகக் கிண்ணத்தில் மலேசியாவின் சுப்கிடின் முகமட் சாலே செய்த வேலையும் அதுதான். ஆள்மாற்று, பெஞ்சைக் கட்டுப்படுத்துவது இரண்டும் போக, யாருக்கு எத்தனை அட்டை என்று தனியாக எழுதி வைப்பதும் அவர் பொறுப்பு. 2006 உலகக் கிண்ணத்தில், ஸ்டுட்கார்ட்டில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டத்தில் இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், இரண்டாவது மஞ்சளிலேயே வெளியேற்ற வேண்டிய ஒரே ஆட்டக்காரருக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டிய பிறகுதான் சிவப்பு எடுத்தார். இரண்டாவது மஞ்சள் காட்டியபோது மற்ற நடுவர்களில் ஒருவரும் நிறுத்தவில்லை. உலகத்தரத்தில் நடந்தது தோட்டத்துத் திடலில் நடக்காதா?

இந்தக் குழுவின் மேசை வேலையில் அதற்கு ஒழுங்கான வழி இருந்தது. அட்டை காட்டிய நடுவர், மேசைப் பக்கம் திரும்பி ஜெர்சி எண்ணை விரலால் காட்டுவார். மேசைக்காரர் அணி நிறத்தோடு சேர்த்து எழுதிவிட்டு, முதல் மஞ்சள் என்றால் கட்டைவிரல் உயர்த்துவார். இரண்டாவது என்றால் எழுந்து நின்று இரண்டு விரலை நெஞ்சருகே காட்டுவார். அதன் பிறகுதான் ஆட்டம் தொடரும். அவசரம் அங்கேதான் இருக்கிறது: ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், எந்த இடத்தில், யார் பந்தைத் தொடங்குவது என்ற முடிவை நடுவர் மாற்ற முடியாது. சொல்ல வேண்டியதை அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். நியமிக்கப்பட்டவருக்கு அது கடமை. நிழலில் இருப்பவர் அதே தவறைக் கண்டால்? திடலுக்குள் கத்தாமல் மேசைக்கு நடந்து போய் நான்காம் நடுவர் காதில் சொல்லலாம். சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும், முடிவு அவர்களுடையது.

ஆபத்து என்றால் இந்த வரிசையும் பார்க்க வேண்டியதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தபோது, திடலில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவில்லை; ஓய்விலிருந்தவர்தான் மின்னலைப் பார்த்து நேராக மேசைக்கு ஓடினார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் இருந்தால் நிறுத்துவது, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது என்ற வழக்கத்தைக் கறாராகப் பின்பற்றினார்கள். செம்பனைக்கு அடியில் யாரையும் நிற்கவிடாமல் பள்ளி மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அரையிறுதி நேரத்தில் 40 நிமிடம் போனது. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். குழு செய்தது முழுக்கச் சரி.

ஆட்டம் முடிந்த பின் நடக்கிற பேச்சுக்கும் ஓர் இலக்கணம் வைத்திருந்தார்கள். விசில் ஊதியவர் தண்ணீர் குடித்து உட்காரும் வரை யாரும் அவரிடம் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தபோதும் கேள்வியாகத்தான் கேட்டார்கள்: “அந்த மோதல் நடக்கும்போது எந்தப் பக்கம் நின்னீங்க?” “அது பெனல்டி” என்று தொடங்கினால் விசில் ஊதியவர் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார். நின்ற இடத்தைக் கேட்டால் அவரே, “ரொம்ப நேரா பின்னாலே இருந்துட்டேன், பக்கவாட்டுலே வந்திருக்கணும்” என்பார். அன்றைக்கு இன்னொரு ஆட்டம் ஊத வேண்டியவரிடம் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள், முடிவுகளைத் தொடவில்லை. தவறு செய்துவிட்டோம் என்ற நினைப்போடு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறவர் முந்தியதை ஈடுகட்டப் பார்ப்பார், அப்போது இரண்டு ஆட்டம் கெடும். யார் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் அவர்கள் வாங்கிப் பார்க்காதது எனக்கு மிகவும் பிடித்தது. இடைவேளையில் ஓர் அணி மேலாளர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார். ஓய்விலிருந்தவர் எழுந்து வணக்கம் சொல்லி, “மேசையிலே எழுதிக் கொடுங்க சார்” என்று அனுப்பிவிட்டார்.

பெரிய குறை விசில். இரு திடலுக்கும் இடையே 15 மீட்டர்கூட இருக்காது. இரண்டிலும் ஒரே வகை, உள்ளே உருளும் மணியில்லாத பிளாஸ்டிக் விசில். பிள்ளைகள் திடலில் ஃபவுல் ஊதினால் பெரிய திடலில் தாக்குபவர் நின்றுவிடுகிறார். இது மூன்று முறை நடந்தது. ஒரு முறை கோல் ஆகியிருக்க வேண்டிய ஓட்டம். இரண்டு திடல் என்றால் இரண்டு ஒலி வேண்டும். ஒன்றுக்கு 1987-இல் சந்தைக்கு வந்த ஃபாக்ஸ் 40 போன்ற மணியில்லாத கூர்மையான விசில், மற்றதற்கு ஆக்மி தண்டரர் போன்ற, உள்ளே மணி உருண்டு நடுங்கும் ஒலி தருகிற விசில். மணி விசில் மழையில் நனைந்தால் மணி ஒட்டிக்கொண்டு ஒலி அடைக்கும் என்பதால் அதைச் சிறு திடலுக்குக் கொடுத்து, மழை வந்தால் அந்தத் திடலை நிறுத்திவிடலாம். எட்டுப் பேர் வரும் குழு இதை யோசித்து வந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிறு குறை: பிள்ளைகள் திடலுக்கு இருவரே என்பதால், ஒருவர் ஊதும்போது மற்றவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெற்றோர் கூட்டம் அவரைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பேச வேண்டிய நிலைக்கே அவரைக் கொண்டுபோயிருக்கக் கூடாது. சிறு திடல் இருந்தால் ஏற்பாட்டாளர்களே ஒரு தொண்டரை அவர் பக்கத்தில் நிறுத்துவது நல்லது.

கட்டணம் ஆட்டக் கணக்கில்தான். பெட்ரோலும் மதியச் சாப்பாடும் அதில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் பேச்சு வரக் கூடாது. அடுத்த போட்டிக்கும் இவர்களையே கூப்பிடலாம். கூப்பிடும்போது தொலைபேசியில் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: எத்தனை திடல், இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி, ஓய்வில் இருப்பவர்களுக்கு எந்தப் பக்கம் நாற்காலி வேண்டும். நாற்காலியை அணி பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம், மின்னல் நேரத்தில் எழுந்து மண்டபத்துக்கு ஓட வழியுள்ள இடமாகப் பார்த்துப் போட்டு, பக்கத்தில் ஐஸ் பெட்டி ஒன்றையும் வையுங்கள். தண்ணீர் கேட்டு அவர்கள் கூட்டத்துக்குள் வர வேண்டியிருக்காது.