மரபுத்தொடர் கையேடு: வாங்கலாம், பேனாவோடு படிக்கணும்

மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கையில் அடிக்கடி பார்க்கக்கூடிய புத்தகம். ஆங்கில மரபுத்தொடர், பக்கத்தில் தமிழ்ப் பொருள், கீழே ஓரிரு எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அச்சு தெளிவு, சட்டைப் பையில் அடங்கும். பொருள் பெரும்பாலும் சரி; கோளாறெல்லாம் விளக்கத்திலும் எடுத்துக்காட்டிலும்தான்.

‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ இருக்கும் பக்கத்தையே பார்ப்போம். ‘அத்தி பூத்தாற்போல’ என்று பொருள் தந்திருக்கிறார்கள். அருமையான பொருத்தம். வீட்டுப் பேச்சில் ‘ஆடிக்கு ஒருக்கா, அமாவாசைக்கு ஒருக்கா’ என்போமே, அதையும் சேர்த்திருந்தால் படித்தவுடன் மனசில் ஒட்டிக்கொள்ளும்.

‘நிலா நீலமாகத் தெரியும் நாள்’ என்ற விளக்கத்தை அடித்துவிடுங்கள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 29½ நாள். ஆங்கில மாதப் பிறப்பை ஒட்டி ஒரு பௌர்ணமி வந்தால், மாதக் கடைசியில் இன்னொன்றும் விழும். அந்த இரண்டாவதற்குத்தான் இன்றைக்கு ப்ளூ மூன் என்று பெயர். 2023 ஆகஸ்டில் வந்தது. இந்தக் கணக்கே 1946இல் ஓர் அமெரிக்க வானியல் இதழ் அந்நாட்டுப் பழைய பஞ்சாங்க விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் பரவியது. பழைய விதிப்படி மூன்று மாதப் பருவம் ஒன்றில் நான்கு பௌர்ணமி வந்தால் அதில் மூன்றாவதுதான் ப்ளூ மூன். 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் தூசியால் நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்தது. அது வேறு சங்கதி.

எடுத்துக்காட்டு இன்னும் மோசம்: சித்திரைத் திருவிழா ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ வருகிறதாம்! கள்ளழகர் வருஷாவருஷம் வைகையில் இறங்குகிறவர். நாள் குறித்து வருவதற்கு இந்தத் தொடர் ஒத்துவராது. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் அப்படியே. எப்போது என்று சொல்ல முடியாமல், அபூர்வமாக நடப்பதற்கே இது. ‘மை அங்கிள் விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பது சரியான வாக்கியம்.

புத்தகத்தின் இரண்டாவது எடுத்துக்காட்டில் ‘நெவர்’ நுழைந்திருக்கிறது. ‘எப்போதாவது’ என்ற அர்த்தம் தொடருக்குள்ளேயே இருப்பதால், ‘நெவர்’ சேர்ந்தால் வாக்கியம் தன்னையே மறுக்கும். ‘எ’ இருக்கும் இடத்தில் ‘தி’ போடக்கூடாது, ‘மூன்ஸ்’ என்று பன்மையாக்கவும் கூடாது. இது பேச்சு நடை என்ற குறிப்பும் புத்தகத்தில் இல்லை. விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ரேர்லி’ போதும்.

தேர்வில் பொருத்துக பகுதிக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். சொந்தமாக வாக்கியம் எழுத வேண்டியவர்கள் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் ஒரு நல்ல ஆங்கில அகராதியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு படிக்கவும்.