கந்தப்பளைக் குளிரில் ஒரு செங்கால் ஆமை: செராமிக் ஹீட்டரோடும் தெர்மோஸ்டாட்டோடும் 14 மாதம்

கந்தப்பளையில் ஒரு பழைய தோட்டத்துப் பங்களாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர் வெளிநாட்டில் இருப்பவர், வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். அவர் வளர்த்த செங்கால் ஆமை ஒன்று, உரிய அனுமதிக் கடிதங்களோடு, இப்போது எங்கள் பொறுப்பில் இருக்கிறது. கறுத்த ஓடு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மங்கிய மஞ்சள், முன்னங்கால்களில் குங்குமம் தெளித்த மாதிரிச் சிவப்புச் செதில்கள். என் மனைவி அதற்குக் குங்குமம் என்றே பேர் வைத்துவிட்டாள். அதன் கூட்டுக்கு வாங்கிய 100 வாட் செராமிக் ஹீட்டர் பல்புகள் இரண்டையும், அவற்றைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் பற்றித்தான் எழுதுகிறேன். 14 மாதம் இரவு பகலாக ஓடியிருக்கின்றன.

முதலில் இந்த ஆமைக்கு ஹீட்டர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். செங்கால் ஆமையின் ஊர் தென்னமெரிக்கா. கொலம்பியா, வெனிசுலா, பிரேசில் பக்கத்துக் காடுகளிலும் காட்டோரப் புல்வெளிகளிலும் திரிகிற இனம். குளிர்நாட்டு ஆமைகள் போல மண்ணுக்குள் புகுந்து மாதக்கணக்கில் தூங்கும் பழக்கம் இதற்குக் கிடையாது. பகலில் 27, 28 பாகை சூடு வேண்டும். இரவில் 21க்குக் கீழே போகக் கூடாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாங்கள் அதற்குப் பக்கத்தில். ஜனவரி மாத இரவுகளில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். சில விடியற்காலைகளில் புல் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். மனிதர்கள் கம்பளியைப் போர்த்திக்கொள்வோம். ஆமையின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. கம்பளி போர்த்தினாலும் உள்ளே இருக்கும் குளிரைத்தான் அது பொத்தி வைக்கும்.

குங்குமம் வந்த புதிதில் டவுனில் ஒரு கடையில் விசாரித்தோம். ஊதா நிறத்தில் எரிகிற ஒரு பல்பைக் காட்டி, "இதிலேயே யூவியும் வரும், சூடும் வரும்" என்றார்கள். நம்பி வாங்கினோம். யூவி என்றால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். ஆனால் அது நிறம் பூசிய சாதாரண பல்பு. நேர் கீழே மட்டும் சூடு, இரண்டடி தள்ளினால் குளிர். இரவு முழுவதும் ஊதா வெளிச்சம் விழுந்ததில் அது சரியாகத் தூங்கவும் இல்லை. மூன்றாவது மாதம் மூக்கில் நுரை வந்தது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விட்டது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "ஈரந்தான் காரணம், கூட்டைக் காய வையுங்கள்" என்றார்கள். நானும் தும்புத்தூளை அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்தேன். நான்கே நாளில் கண் குழி விழுந்தது. பப்பாசிப் பழத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 2 கிலோ 100 கிராம் இருந்த ஆமை 1 கிலோ 900க்கு வந்துவிட்டது.

வான் வண்டியில் சுடுதண்ணிப் போத்தல் இரண்டைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பேராதனை மிருக வைத்திய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர் விளங்கப்படுத்தியதை இன்றும் மறக்கவில்லை. ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, அதனால் சளியை இருமி வெளியே தள்ள முடியாது. ஈரமான காற்று அதற்கு வேண்டும், அது காட்டு ஆமை. ஈரமும் குளிரும் சேர்ந்து வந்தால்தான் நெஞ்சைப் பிடிக்கும். ஆகவே ஈரத்தைக் குறைக்காதீர்கள், சூட்டைக் கூட்டுங்கள் என்றார். முன்னங்காலில் ஊசி, மூன்று நாளைக்கு ஒரு தடவை. குணமாகும் வரை இரவிலும் 28க்குக் குறையக் கூடாது என்று கட்டளை. அந்தக் கட்டளைக்காகத்தான் இந்தச் சாமான்களை ஒன்லைனில் ஓடர் செய்தோம். பல்பு ஒன்று 3,200 ரூபாய், தெர்மோஸ்டாட் 2,900 ரூபாய்.

பெட்டியைப் பிரித்தால் பல்பு மாதிரியே இருக்காது. கறுப்புப் பீங்கானில் செய்த ஒரு குமிழ். வெளிச்சம் துளிகூட வராது, சூடு மட்டும் வரும். ஆமைக்கு இருட்டு இருட்டாகவே இருக்கும், அதனால் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறது. இது ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். ஆனால் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டிவிடாதீர்கள். குமிழ் அவ்வளவு சூடாகும், ஹோல்டர் உருகித் தீப்பிடிக்கும். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். சுற்றிலும் கம்பிக் கூண்டு போட்டுவிட்டோம், சங்கிலியில் தொங்கவிட்டு இரண்டாவது சங்கிலியும் பாதுகாப்புக்குக் கட்டினோம்.

100 வாட்டில் ஒன்றை மட்டும் மாட்டினால் ஓட்டின் உச்சி காய்ந்து போகிறது, வயிற்றுப் பக்கம் குளிர்கிறது. சின்னக் குட்டிக்கு ஒன்று போதுமோ என்னவோ, குங்குமம் 24 சென்றிமீற்றர். இரண்டைத் தள்ளித் தள்ளி மாட்டிய பிறகுதான் சூடு பரவலாக வந்தது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆமையின் உயிர் அதன் கையில்தான் இருக்கிறது. சிவப்பு இலக்கத்தில் சூட்டைக் காட்டும், ஒரு மீற்றர் வயரின் நுனியில் உணரி. வந்தபோது அது குளிரூட்டும் முறையில் வைக்கப்பட்டிருந்தது. அதாவது கூடு சூடானால் ஹீட்டரைப் போடும், குளிர்ந்தால் நிறுத்தும். கையேட்டில் சீன எழுத்தும் பொடி எழுத்து ஆங்கிலமும் மட்டுமே. மகள் படித்துப் படித்து ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து மாற்றித் தந்தாள். வாங்குகிறவர்கள் ஆமையை உள்ளே விடுவதற்கு முன் ஒரு நாள் வெறுங்கூட்டில் ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இலக்கத்தை அப்படியே நம்ப முடியாது. அது 27 என்று காட்டும்போது பக்கத்தில் வைத்த வேறு தெர்மோமீற்றர் 25 காட்டியது. மெனுவில் அதைத் திருத்த இடம் இருக்கிறது. உணரியைச் சுவரில் மேலே ஒட்டினால் மேல்காற்றின் சூட்டைத்தான் அளக்கும். ஆமை இருப்பது தரையில். நாங்கள் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஆமை இழுக்க முடியாதபடி ஒரு ஓட்டை போட்ட குழாய்க்குள் வைத்திருக்கிறோம். கரண்ட் போய் வந்தால் போட்டு வைத்த இலக்கம் அழிவதில்லை. இது எங்கள் ஊருக்கு மிக முக்கியமான விஷயம், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகாத கிழமையே கிடையாது.

குறை என்று சொன்னால், இரண்டு பல்பில் ஒன்று ஒன்பதாவது மாதத்தில் செத்துப்போனது. சாதாரண பல்பு போனால் இருட்டாகிவிடும், உடனே தெரியும். இது எரிந்தாலும் எரியாவிட்டாலும் பார்வைக்கு ஒன்றுதான். விடியற்காலை மூன்று மணிக்கு ஏதோ மனது சொல்லி எழுந்து போய்ப் பார்த்தேன். தெர்மோஸ்டாட்டில் 19. குமிழ் பக்கம் கையைக் கொண்டுபோனால் ஒரு பக்கம் சில்லென்று இருக்கிறது. மனைவி குசினியில் அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தாள். விடியும் வரை போத்தல் மாற்றி மாற்றி வைத்தோம். குங்குமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து படுக்கப் போகும் முன் இரண்டு குமிழுக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கரண்ட் செலவைக் கேட்பீர்கள். ஆரம்பத்தில் கூடு வெறும் பலகை, மேலே திறந்தபடி. மாதம் 70 யூனிட்டுக்கு மேல் இதற்கே போனது. அப்புறம் தச்சு பாஸைக் கூப்பிட்டுப் பலகையின் வெளிப்பக்கம் ரெஜிஃபோம் (தெர்மோகோல்) அடித்து, மேலே மூடி போட்டு, காற்றுக்கு இரண்டு துளை விட்டோம். 45 யூனிட்டுக்கு இறங்கியது. ரெஜிஃபோமை உள்பக்கம் ஒட்டாதீர்கள், ஆமை கடித்துத் தின்னும். மூடி போட்டதில் இன்னொரு நன்மையும் வந்தது: ஈரம் வெளியே போகவில்லை.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் ஹீட்டரைப் பற்றிச் சொல்வதில் பயன் இல்லை. வெளியே மூடுபனி, துணி காயாது, சுவரில் பூஞ்சணம். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றை எடுத்து 28 பாகைக்குச் சூடாக்கினால் அது காய்ந்த காற்றாகிவிடுகிறது. ஈரமானி 48 வீதம் காட்டியதைப் பார்த்து நான் நம்பவில்லை. நனைத்த உப்பை ஒரு மூடியில் போட்டு, ஈரமானியோடு சேர்த்து இறுகக் கட்டிய பையில் ஒரு நாள் வைத்தால் 75 வீதம் காட்ட வேண்டும். எங்களுடையது 73 காட்டியது. ஆக மானியில் பிழை இல்லை, கூடுதான் காய்ந்திருக்கிறது.

இப்போது தரையில் ஐந்து அங்குலம் தும்புத்தூள், அதன்மேல் சருகு. சருகு எங்கள் மாமியார் வீட்டில் கம்பளையில் பொறுக்கிய பலா இலை. ஓரங்களில் வெந்நீர் ஊற்றி அடிப்பகுதியை ஈரமாக வைக்கிறோம், மேல்பகுதி காய்ந்தே இருக்கும். மேலே சொதசொதவென்று இருந்தால் வயிற்று ஓடு அழுகத் தொடங்கும். 75, 80 வீதத்தில் நிற்கிறது. கிழமைக்கு இரண்டு நாள் தாடைக்குக் கீழே வரும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் விடுகிறோம். தலையை முழுக்க முக்கி, கண்ணைத் திறந்தபடியே தண்ணீர் குடிக்கும்.

இந்த ஹீட்டர் யூவி தராது. அதை யாராவது தரும் என்று சொன்னால் வாங்காமல் திரும்பி வாருங்கள். ஓட்டுக்குச் சுண்ணச்சத்து சேர யூவிபி கதிர் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு குழாய் விளக்கு இருக்கிறது. எரிந்துகொண்டிருந்தாலும் நாளாக நாளாகக் கதிர் குறைந்துவிடும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். கண்ணாடி சன்னல் வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது. ஆனால் எங்கள் மலை வெயிலில் நிறைய இருக்கிறது. ஆகவே வெயில் விழுந்த நாளில் பதினொரு மணிக்கு மேல் புல்லில் விடுவோம், மூடுபனி ஏறத் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

சாப்பாட்டுக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும். செவ்வரத்தைப் பூவும் இலையும், மல்பெரி இலை, வல்லாரை, பூசணி, பப்பாசி, இடைக்கிடை சிப்பிக் காளான், கிழமைக்கு ஒரு தடவை அவித்த முட்டையில் ஒரு துண்டு. கணவாய் ஓட்டைக் கூட்டிலேயே போட்டு வைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். அவகாடோ கொடுக்கவே கூடாது. தேயிலை நிரைகளுக்குள் முளைக்கும் புல்லைப் பிடுங்கிப் போடாதீர்கள். களைக்கொல்லி கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். மரக்கறித் தோட்டத்துக் கீரையும் அப்படித்தான், மருந்து அடிக்காத இடம் தெரிந்தால் மட்டும்.

இதைப் படித்துவிட்டு வரண்ட பிரதேசத்திலிருந்து ஒரு நட்சத்திர ஆமையைப் பிடித்து வந்து இந்த ஹீட்டரின் கீழே வைக்க யாரும் நினைக்கக் கூடாது. அது நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம், வீட்டில் வைப்பது குற்றம். 2019 முதல் காட்டில் பிடித்ததைச் சர்வதேச வணிகம் செய்வதையும் தடுத்திருக்கிறார்கள். ஈரமான காட்டு ஆமைக்கு நான் சொன்ன கூடு அதற்கு ஒத்தும் வராது.

ஹீட்டருக்கு ஐந்தில் மூன்றரை, ஒன்பது மாதத்தில் போனதற்காக ஒன்றரையைக் குறைக்கிறேன். தெர்மோஸ்டாட்டுக்கு நான்கு, தமிழிலோ சிங்களத்திலோ ஒரு தாள் வைத்திருந்தால் ஐந்து கொடுத்திருப்பேன். குங்குமம் போன ஞாயிற்றுக்கிழமை தராசில் 2 கிலோ 460 கிராம். மூக்கு காய்ந்து சுத்தமாக இருக்கிறது. சேர் ஃபோன் எடுத்தால் முதல் கேள்வியே, "இரவு எத்தனை பாகை?" என்பதுதான். இந்தத் தடவை டிசம்பருக்கு முன்னாலேயே கையிருப்புக்கு ஒரு குமிழை வாங்கி, பீங்கான் ஹோல்டரோடு கூட்டுக்குப் பக்கத்து லாச்சியில் வைத்திருக்கிறேன்.