செர்மாட் என்று காசு வாங்கி பக்கத்து ஊரான டேஷில் ரூம் போட்ட ஏஜென்சி: சுவிஸ் பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனியுங்கள்

ஜூலையில் அப்பா, அம்மா, மனைவியோடு சுவிட்சர்லாந்து போய் வந்தேன். ஏஜென்சி பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்த சீசனுக்கு இப்போதே முன்பணம் கட்டுகிறவர்கள் இருப்பீர்கள்.

விடியற்காலையில் மேட்டர்ஹார்ன் உச்சியில் முதல் வெயில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அதற்காகவே அந்த மலையின் அடிவார ஊரான செர்மாட்டில் இரண்டு இரவு கேட்டோம், அதற்கென்று தனியாகக் கூடுதல் பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் பெட்டிகளோடு இறங்கி, வெளியே நின்ற குட்டி மின்வண்டிக்காரரிடம் (அந்த ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்களை விடமாட்டார்கள்) ஹோட்டல் வவுச்சரைக் காட்டினேன். அவர் முகவரியில் இருந்த 3929 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, "இது டேஷ்" என்றார். செர்மாட்டின் அஞ்சல் எண் 3920. டேஷ் அதற்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஊர், காரில் வருகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் ஏறும் இடம். நாங்கள் அதைத் தாண்டித்தான் வந்திருந்தோம். மூட்டு வலியோடு அம்மா மறுபடியும் ரயில் ஏறினார்.

டேஷை நான் குறை சொல்லவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில், பன்னிரண்டு நிமிடத்தில் செர்மாட். அதைச் சொல்லி அதற்குரிய விலைக்குக் கொடுத்திருந்தால் சரி என்றிருப்போம். ஏஜென்சிக்கு போன் செய்தால், "செர்மாட் ஏரியா என்றுதானே சார் போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். மறுநாள் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு, செர்மாட் சர்ச் பக்கத்துப் பாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டது. படம் எடுக்க வந்தவர்கள் ஸ்டாண்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பாலத்தின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். எனக்குத்தான் ஆறவில்லை.

அடுத்தது டிக்கெட். "ஸ்விஸ் டிராவல் பாஸ் இருக்கிறது, மலை ரயிலெல்லாம் அதில் அடக்கம்" என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். உண்மையில் அந்த பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில், பஸ் டிக்கெட்) செர்மாட் வரைக்கும்தான் முழுசாகச் செல்லும், அங்கிருந்து மேலே ஏறும் கோர்னர்கிராட் மலை ரயிலுக்குப் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும். நான்கு பேருக்குக் கவுண்டரிலேயே கட்டினேன். வேறு சில பிரபலமான மலை ரயில்களுக்கும் பாஸில் தள்ளுபடி மட்டும்தான், அதனால் எது இலவசம், எது தள்ளுபடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மெயிலில் வாங்கி வையுங்கள்.

போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். 1898 முதல் ஓடும் அந்த கோர்னர்கிராட் ரயிலில் 3089 மீட்டர் உயரத்தில் போய் இறங்கினால், பனியாறு காலடியில் கிடக்கிறது. ஊருக்குள் இருக்கும் மேட்டர்ஹார்ன் மியூசியத்துக்கு பாஸே போதும். 1865 ஜூலை 14 அன்று முதன்முதலாக உச்சியைத் தொட்ட ஏழு பேரில் நான்கு பேர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அன்று அறுந்த கயிறு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. நம் ஊர் கிணற்றுக் கயிற்றைவிட ஒல்லி. அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

ஊர் திரும்பியதிலிருந்து மூன்று மெயில் போட்டுவிட்டேன், பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் கட்டும் முன் ஹோட்டலின் முழு முகவரியைக் கேளுங்கள், அதில் 3920 இருக்கிறதா என்று பாருங்கள். "அல்லது அதற்கு இணையான ஹோட்டல்" என்று போட்டிருந்தால், எந்த ஊரில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.