கன்சோல் கேபிள்: நீலமா, ஒற்றைத் துண்டா, மினி யூஎஸ்பியா?

நெட்வொர்க் சுவிட்சுக்கு (கணினிகளை இணைக்கும் பெட்டி) இன்னும் ஐபி முகவரி கொடுக்கவில்லை, அல்லது கொடுத்தும் எட்டவில்லை. அந்த நேரத்தில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவும் வெப் பக்கமும் கைகொடுக்காது. கேபிளை நேரடியாகச் செருகிக் கட்டளையிடும் கன்சோல் போர்ட் ஒன்றுதான் வழி. அங்கே நுழைய இன்று மூன்று கேபிள்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பழைய வெளிர்நீலத் தட்டைக் கேபிளும் அதோடு ஒரு யூஎஸ்பி-சீரியல் அடாப்டரும். இரண்டு, ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் ஆர்ஜே45-உம் (நெட்வொர்க் கேபிளில் இருக்கும் எட்டுப் பின் பிளக்) உள்ள ஒற்றைத் துண்டுக் கேபிள். மூன்று, சுவிட்சின் முகப்பிலேயே இருக்கும் மினி யூஎஸ்பி அல்லது யூஎஸ்பி-சி போர்ட்டில் செருகும் சாதாரண யூஎஸ்பி கேபிள். எதில் போனாலும் வந்து நிற்பது கட்டளை தட்டும் அதே ப்ராம்ப்ட்தான். சுவிட்ச் அணைந்து மறுபடி எழும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கேபிளின் குணம் தெரியும்.

எனக்கு அது தெரிந்தது ஒரு நள்ளிரவில். கடவுச்சொல் யாருக்கும் தெரியாத சுவிட்ச். பவரை எடுத்துப் போட்டு, பூட் ஆகும் முதல் சில விநாடிகளுக்குள் ஒரு கீயைத் தட்டினால்தான் பூட்லோடரில் (முழு மென்பொருளுக்கு முன் ஓடும், கடவுச்சொல்லைத் தாண்ட உதவும் சிறு நிரல்) நிற்கும். கையில் மினி யூஎஸ்பி கேபிள்தான் இருந்தது. பவரை எடுத்தேன், லேப்டாப்பில் ‘டொங்க்’ என்று ஒரு சத்தம், கேபிளுக்கு விண்டோஸ் கொடுத்திருந்த காம் போர்ட்டே காணாமல் போனது. பவர் வந்ததும் போர்ட் திரும்பி வந்தது, புட்டியை (PuTTY, கன்சோலைத் திரையில் காட்டும் மென்பொருள்) மறுபடி திறந்தேன், அதற்குள் சுவிட்ச் பாதி பூட் ஆகி என்னைத் தாண்டிப் போய்விட்டது. மூன்று முறை இதே கதை. கடைசியில் பையின் அடியில் சுருண்டு கிடந்த நீலக் கேபிளை எடுத்தேன், முதல் தடவையிலேயே வேலை முடிந்தது.

காரணம் எளிது. யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் சிப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். முதல் இரண்டு வகைகளிலும் அது கேபிளில் அல்லது அடாப்டரில், லேப்டாப்பின் மின்சாரத்தில் ஓடுகிறது. சுவிட்ச் செத்தாலும் காம் போர்ட் உயிரோடு இருக்கும், செஷன் திறந்தே இருக்கும், பூட்டின் முதல் வரியிலிருந்து எல்லாம் திரையில் விழும். மூன்றாவது வகையில் பல சுவிட்சுகளில் அந்தச் சிப் சுவிட்சுக்குள்ளேயே, சுவிட்சின் மின்சாரத்தில் ஓடுகிறது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் போன்றவற்றில் முன்பக்கத்து மோட் பட்டனை அழுத்திப் பிடித்தே பூட்லோடருக்குள் போகலாம் என்பதால் அங்கே இந்த வலி குறைவு. பூட்டை நிறுத்தும் பிரேக் சிக்னலைக் கீபோர்டிலிருந்து அனுப்பியாக வேண்டிய ரவுட்டர்களில் அந்த வசதி கிடையாது.

அதற்காக முகப்பு யூஎஸ்பியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சில் ஒரு விலேன் (சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) சேர்க்கவோ லாக் பார்க்கவோ, அது போதும். தனிக் கேபிளைத் தேடவும் வேண்டாம். விண்டோஸில் சில மாடல்களுக்கு உற்பத்தியாளரின் டிரைவரை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். இணையமே இல்லாத சர்வர் அறையில் நின்றுகொண்டு டிரைவர் தேடுவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒற்றைத் துண்டுக் கேபிளில் பார்க்க வேண்டியது சிப்பை. எஃப்டிடிஐ, புரோலிஃபிக், சிஹெச்340 மூன்றும் பரவலாகக் கிடைக்கின்றன. லினக்ஸில் மூன்றுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. பெரும்பாலும் பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போதும். தகராறெல்லாம் விண்டோஸில்தான். புரோலிஃபிக்கின் பிஎல்2303 சிப்பின் பழைய வகைகளை புதிய டிரைவர் ஏற்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு, 2012-லேயே நிறுத்தப்பட்ட சிப் என்று எழுதியே காட்டும். எஃப்டிடிஐயின் கதை வேறு. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றை முடக்கிப் போட்டது. வாங்கியவருக்குத் தன் கேபிளில் இருந்தது போலி என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இருந்தாலும் என் ஓட்டு அசல் எஃப்டிடிஐக்குத்தான். அதில் பெரும்பாலும் சீரியல் எண் இருப்பதால் எந்த யூஎஸ்பி துளையில் செருகினாலும் காம் எண் மாறாது. சீரியல் எண் இல்லாத மலிவுச் சிப்புகள் துளைக்குத் துளை காம்3, காம்7 என்று தாவும். சில மலிவு அடாப்டர்களில் பிரேக் சிக்னலும் ஒழுங்காகப் போகாது, தேவைப்படும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

நீலக் கேபிளுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு: பிரித்து மாற்றலாம். அடாப்டர் போனால் அடாப்டரை மட்டும், கேபிள் போனால் கேபிளை மட்டும். ஒற்றைத் துண்டில் சிப் போனால் மொத்தமும் குப்பைக்கு. நீலக் கேபிளுக்குள் இருப்பது ரோல்ஓவர் இணைப்பு, அதாவது இரு முனையும் ஆர்ஜே45 ஆக உள்ள வகையில் 1-ஆம் பின் மறுமுனையில் 8-க்கு, 2 ஏழுக்கு என்று தலைகீழாக. ரேக் உயரமாக இருந்து கேபிள் எட்டவில்லையா? ஒரு கப்ளரும் (இரு கேபிள்களைச் சேர்க்கும் துண்டு) சாதாரண பேட்ச் கார்டும் (நெட்வொர்க் கேபிள்) போட்டு நீட்டிக்கொள்ளலாம், அது நேர் இணைப்பு என்பதால் வரிசை கெடாது. குறை, பையில் இடம் அடைப்பதும், அடாப்டரும் கேபிளும் சேரும் இடத்தில் திருகு போடாவிட்டால் கழன்று விழுவதும்.

இவற்றில் எதை எடுத்தாலும் வேகம் சரியாக இல்லாவிட்டால் திரையில் குப்பைதான் வரும். சிஸ்கோ, ஜூனிப்பர், அரிஸ்டா சாதனங்கள் பொதுவாக விநாடிக்கு 9600 பிட். அரூபா சிஎக்ஸ், மைக்ரோடிக் போன்றவை 115200. மீதி 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோல் (தரவு ஓட்டத்தை நிறுத்தி, தொடரும் ஏற்பாடு) இயல்பாக எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்று இருக்கும். அதை None (எதுவும் இல்லை) என்று ஆக்கிவிடுங்கள். அப்புறம் என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரையைப் பார்த்தபடி என்டர் தட்டாமலே கேபிளைச் சந்தேகிப்பவர்கள் நிறைய.

கடைசியாக, இரண்டு போர்ட்டும் உள்ள சிஸ்கோ சுவிட்சுகளில் ஒரு கண்ணாமூச்சி. திரைக்கு வருவது ஆர்ஜே45, யூஎஸ்பி இரண்டிலும் தெரியும். ஆனால் தட்டுவதை ஒன்றிலிருந்துதான் கேட்கும், யூஎஸ்பி செருகியிருந்தால் முன்னுரிமை அதற்கே. எழுத்துகள் ஓடுகின்றன, நீங்கள் தட்டுவது மட்டும் போகவில்லை என்றால் முதலில் ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் எழுந்து போய் சுவிட்சின் முகப்பைப் பாருங்கள். யாரோ போன வாரம் செருகிவிட்டு மறந்துபோன யூஎஸ்பி கேபிள் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும்.