ரூம்: ஐந்து வயதுப் பையன் சொல்லும் சிறைக் கதை

எம்மா டோனஹ்யூ எழுதி 2010-ல் வந்த 'ரூம்' நாவலுக்கு முதல் சில பக்கங்கள் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் கதை சொல்பவன் ஐந்து வயது ஜாக், கட்டில், அலமாரி எல்லாமே அவனுக்கு ஆட்கள் மாதிரி. 11 அடிக்கு 11 அடி ஷெட் ஒன்றுதான் உலகம் என்று நம்புகிறான். அம்மாவோ 19 வயதில் கடத்தப்பட்டு ஏழு வருஷமாக அங்கே அடைபட்டுக் கிடப்பவள்.

எனக்குப் பிடித்தது அவள் ஒவ்வொரு நாளையும் ஓட்டும் விதம். முட்டை ஓடுகளைக் கோத்துப் பாம்பு செய்கிறார்கள், கட்டிலைச் சுற்றி ஓடுகிறார்கள், அப்புறம் கூரைக் கண்ணாடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பையனுக்கு அது விளையாட்டு, நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கடத்தியவன் ராத்திரி வரும்போது ஜாக் அலமாரிக்குள் படுத்துக்கொண்டு கட்டில் கிறீச்சிடுவதை எண்ணுகிறான். அதற்குமேல் ஆசிரியர் எதையும் காட்டுவதில்லை, நல்லவேளை.

இருவரும் ஷெட்டை விட்டு வெளியே வந்த பிறகு கதை தொய்கிறது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிக்கட்டில் இறங்கவே தடுமாறும் பையன், மகனைத் தவிரவும் தனக்கு ஏதாவது வேண்டும் என்று தவிக்கும் அம்மா, இதெல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. டிவி பேட்டிக் காட்சி மட்டும் கொஞ்சம் மிகை.

2015-ல் வந்த படமும் நன்றாக இருக்கும், திரைக்கதை டோனஹ்யூவே எழுதியது, அம்மாவாக நடித்த பிரீ லார்சனுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் ஜாக்கின் குரல் முழுசாகக் கேட்பது புத்தகத்தில்தான், அதை முதலில் படித்துவிடுங்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்கள் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்.